செகண்ட்ஸ் மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்புகிறவனே புத்திசாலி. நான் அந்த ரகமில்லை என்பதற்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரையும் ஷிப்மென்ட்டையும் பார்த்துக்கொள்கிற ஆள். கம்ப்யூட்டரில் எனக்கு மெயில் அனுப்பத் தெரியும். அவ்வளவுதான். ஆனால் குன்னத்தூரில் பெண் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்ததுமே என் அம்மா அவிழ்த்துவிட்டார். "எம்பட பையன் கம்ப்யூட்டரையே கழட்டி மாட்டுவானுங்க." (ரிப்பேருக்குக் கொண்டுபோக நான் ஒயரைப் பிடுங்கியதை ஒருமுறை பார்த்திருக்கிறார்.)

பெண்ணின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர்களுக்குச் சொந்தமாக எம்பிராய்டரி யூனிட். டிசைன் போடுவது பெண், கோமதி. எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான்.

"ஏனுங்க தம்பி, எந்நேரமும் ஸ்கிரீன்ல மெமரி கொறைவுன்னு ஒரு பொட்டி வந்து நிக்குதுங்க. கொஞ்சம் பாக்கறீங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கதவோரம் கோமதி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இந்தச் சம்பந்தம் கைநழுவிவிடக் கூடாதே என்று ஒரே தவிப்பு. "அஞ்சு நிமிஷமுங்க" என்று மௌஸைப் பிடித்தேன்.

மெமரி குறைவு என்றால் இடம் இல்லை. இடம் வேண்டுமென்றால் குப்பையை அள்ள வேண்டும். (அந்த மெமரி வேறு, இந்த இடம் வேறு என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?) தேடியதில் 'செகண்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் சிக்கியது. எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், செகண்ட்ஸ் என்றால் ஓட்டை விழுந்து, தையல் விட்டு, கழித்துக் கட்டிய சரக்கு. அழித்தேன். பெட்டி மறுபடியும் வந்து நின்றது.

கோமதி பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தாள். முகம் மாறியது.

"இங்க செகண்ட்ஸ்னு ஒண்ணு இருந்துதுங்களே?"

"கழிச்ச டிசைன்தானுங்களே? எடுத்து வீசிட்டனுங்க."

"அது ரெண்டாவது ஷிப்மென்ட்டுக்குப் போட்டதுங்க! நாளைக்கு மிஷின்ல ஏத்தோணும்!"

அம்மா பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டுச் செருப்பைத் தேட ஆரம்பித்தார். எனக்குச் சட்டைக்குள் பனியன் நனைந்துவிட்டது.

கோமதி மௌஸை வாங்கிக்கொண்டாள். "ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டீங்களா?"

"அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். அழித்ததெல்லாம் போய் விழுகிற அந்தத் தொட்டியைத் திறந்து பார்த்தால் அத்தனை டிசைனும் பத்திரமாகக் கிடந்தது. என் அறிவு பாதியில் நின்றதால் அந்த ஷிப்மென்ட் பிழைத்தது. அடுத்த வாரம் அவர்கள் மெமரிக்குப் புது ராம் வாங்கிப் போட்டார்கள், பெட்டியும் ஒழிந்தது.

திரும்பும் வழியெல்லாம் அம்மா அடுத்த ஜாதகத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நானும் மனதுக்குள் கோமதிக்கு விடை கொடுத்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைகிறோம், போன் அடிக்கிறது. கோமதியின் அப்பா. "புள்ளைக்குச் சம்மதமுங்க!"

எதற்காகச் சம்மதித்தாள்? அன்று அவள் சொன்னதை, எந்த விருந்தானாலும் என் இலையில் பாயசம் விழுகிற நேரம் பார்த்து மாமனார் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார்:

"பீஸு செகண்ட்ஸ்தானுங்க அப்பா. ஒரு தையல்தான் விட்டிருக்குது. கழிக்க வேண்டாமுங்க, நான் தெச்சுக்கறேன்."