கெண்ட் நகரத்துக்கு வழி

ராஜகுரு தன் ஒரே மகளைத் தலைமுழுகியது அரை வாளித் தண்ணீரில். அருப்புக்கோட்டையில் அவர் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது. "அவ செத்துட்டா. நான் முழுகணும், தண்ணி எடுத்து வை" என்று அவர் கர்ஜித்தபோது, "அரை வாளிதான் கெடக்கு. தலைக்கு மட்டும் ஊத்திக்கிருங்க" என்றாள் மனைவி சௌந்தரம். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

மகள் பிரவீணா செய்த குற்றம், மேல்படிப்புக்குப் பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்துக்குப் போன இடத்தில், கூடப் படித்த வேற்றுச் சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டது. அன்றிலிருந்து ஒன்றரை வருடமாக அந்தப் பெயரை வீட்டில் உச்சரிக்கக் கூடாது. படமெல்லாம் பரணுக்குப் போய்விட்டது. இரண்டு பேர் சாப்பிடும் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்தான் பேச்சு.

பக்கத்துப் பாளையம்பட்டியில் ராஜகுருவுக்குப் பாத்திரக்கடை. மத்தியான வெயிலில் எவரும் குக்கர் வாங்க வருவதில்லை. அந்த நேரத்துக்கு அவர் ஒரு பிழைப்பு கண்டுபிடித்தார். போனில் 'ஐரோப்பாப் புதிர்ப் பண்டமாற்று' என்று ஒரு தமிழ்க் குழு. ஐரோப்பிய ஊர், சரித்திரம், சாப்பாடு எதைப் பற்றியாவது நீ ஒரு புதிர் போடு. நான் விடுவித்தால் பதிலுக்கு என்னிடமிருந்து ஒரு புதிர் வாங்கிக்கொள். மதுரை பஸ்ஸு காரியாபட்டியைத் தாண்டும்முன் தூங்கிவிடுகிற மனிதர், வியன்னாவின் காபிக்கடைகளை வரிசையாக ஒப்பித்தார். குழுவில் அவர் பெயர் 'ஐரோப்பா குரு'. அவரே வைத்துக்கொண்டதுதான்.

ஏன் ஐரோப்பா என்று யாராவது கேட்டிருந்தால் சரித்திர ஆர்வம் என்றிருப்பார். அந்தக் கெண்ட் நகரத்தை மட்டும் போன் வரைபடத்தில் தெருத் தெருவாக, வாசல் வாசலாகப் பார்த்து வைத்திருந்தாரே, அதற்கு என்ன காரணம் சொல்லியிருப்பாரோ தெரியாது.

ஆடி மாதம் ஒரு காலையில் சௌந்தரம் விதியை மீறினாள்.

"அவளுக்கு அஞ்சாம் மாசம்ங்க. போன வருசம் ஒண்ணு வயித்துலயே போயிருச்சு. இப்பவும் ரத்தப்போக்காம். ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருக்காக. நான் போறேன்."

"எவளுக்கு?"

"உங்க மகளுக்கு."

"எனக்கு மக இல்ல. முழுகியாச்சு."

"அரை வாளியில முழுகுனா பாதிதாங்க போகும்."

ராஜகுருவின் பார்வை ஒரு தடவை பரணுக்குப் போய் வந்தது. வந்ததும் குரலை உயர்த்தினார். "மதுரை மாட்டுத்தாவணியில எறங்குனா டவுன் பஸ்ஸு எந்தப் பக்கம்னு தெரியாது. இவ பெல்ஜியம் போறாளாம். வழி தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுங்க."

"வழி தெரியிற அன்னைக்குப் போ."

சௌந்தரம் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் ஜெயித்துவிட்டார். ஆனாலும் அன்றைக்கு இட்லியைத் தொடாமலே கடைக்குப் போனார்.

அடுத்த வாரம் குழுவில் இம்மானுவேல் என்று ஒருவர் சேர்ந்தார். முதல் புதிரே ஜோராக இருந்தது. தான் பிறந்த ஊர்க்காரர்களையே கழுத்தில் கயிறு மாட்டி, வெறுங்காலோடு நடக்கவிட்ட சக்கரவர்த்தி யார்? ராஜகுரு கண் சிமிட்டும் நேரத்தில் பதில் போட்டார். ஐந்தாம் சார்லஸ், ஊர் கெண்ட். ராத்திரி சாப்பாட்டில் அதைப் பெருமையாகச் சொன்னார்.

"பெத்த ஊரையா அப்படிப் பண்ணுனான்?" என்றாள் சௌந்தரம். "வயிறு எரிஞ்சிருக்காது?"

"வரி கட்ட மாட்டேன்னாக. ராஜான்னா அப்படித்தான்."

"அவன் மட்டும் நிம்மதியா இருந்தானா?"

அது புதிரில் இல்லை என்று அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

போகப் போக இம்மானுவேலின் புதிர்கள் சில்லறையாகிவிட்டன. கெண்டில் நன்றி என்பதை எப்படிச் சொல்வார்கள்? பிரசல்ஸ் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் ஏறலாமா? மார்கழி மாதிரிக் குளிருக்குச் சேலைக்கு மேல் என்ன போடுவது? இதெல்லாம் ஒரு புதிரா என்று ராஜகுரு அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே பக்கம் பக்கமாக எழுதினார். இடையில் சௌந்தரம் ஒரு கல்யாணத்துக்கென்று தம்பி தங்கபாண்டியோடு சென்னை போய் வந்தாள். யார் கல்யாணம் என்று கேட்க அவருக்கு நேரமில்லை.

கடைசியாக வந்ததுதான் பெரிய புதிர். மதுரை தாண்டித் தனியாகப் போகாத ஒரு தமிழ்ப் பெண், இங்கிலீஷ் தெரியாதவள், பிரசல்ஸில் வந்து இறங்குகிறாள். கூட்டிப்போக ஆள் இல்லை. கெண்ட் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேருவாள்?

ராஜகுரு மூன்று நாள் கடையைப் பாதி மூடிவிட்டு எழுதினார். முடித்ததும் சௌந்தரத்தை உட்கார வைத்தார்.

"கேளு. ஒனக்குப் புரிஞ்சா எவளுக்கும் புரியும். ரயில் தரைக்கும் கீழ நிக்கும். பிரசல்ஸ் பிரசல்ஸ்னு மூணு ஸ்டேசன் வரும். மூணுலயும் எறங்கக் கூடாது."

"நகர்ற படியில ஏறத் தெரியாட்டி?"

"பக்கத்துலயே லிப்ட்டு. எழுதிருக்கேன்ல."

"ஆஸ்பத்திரியில யாரைக் கேக்க?"

"பேசவே வேணாம். பேரை ஒரு தாள்ல எழுதிக் காட்டணும்."

"எந்தப் பேரை?"

அவர் போனைத் துண்டால் துடைத்தார். "படுத்துக் கெடக்கிறவ பேரை" என்றார்.

அனுப்பும் முன் அடியில் இரண்டு வரி சேர்த்தார். புதிருக்கு அது தேவையே இல்லை. 'பயப்படாம போயிட்டு வாங்கம்மா. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது.'

மறுவாரம் சௌந்தரம் பெரிய பையோடு வந்து நின்றாள். திருச்சுழியில் தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறாளாம். ராஜகுரு போனிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றார். இம்மானுவேலிடமிருந்து இரண்டு நாளாகச் சத்தமே இல்லை. அந்தக் கவலை அவருக்கு.

நாலாம் நாள் மத்தியானம் கடையில் இருக்கும்போது இம்மானுவேலே போன் போட்டார். ராஜகுரு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம்ங்க. ஐரோப்பா குரு பேசுறேன்."

"நான்தாங்க" என்றாள் சௌந்தரம்.

"நீயா? இந்த நம்பர் ஒனக்கு எப்படி? எங்கருந்து பேசுற?"

"கெண்ட்டுல இருந்து. மாப்பிள்ளையால ஆஸ்பத்திரிய விட்டு நகர முடியல, தனியாத்தான் வந்தேன். நீங்க எழுதுன மாதிரியே மூணு பிரசல்ஸ்லயும் எறங்கல."

ராஜகுரு முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அப்ப இம்மானுவேலு?"

"அது நான் வச்ச பேரு. பொம்பள கேட்டா நீங்க பதில் சொல்ல மாட்டீகளே. ராஜா புதிரும் சென்னையில விசாவும் தம்பி பாத்துக் குடுத்தான்."

"என்னைக் கேக்காம போயிட்டியேடி."

"வழி தெரியிற அன்னைக்குப் போன்னீக. நீங்களே எழுதிக் குடுத்தீக. பயப்படாம போயிட்டு வாங்கம்மான்னும் எழுதுனீக. உங்க வார்த்தை இல்லாம நான் என்னைக்கு வாசப்படி தாண்டிருக்கேன்?"

கத்துவதற்குத்தான் அவர் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"பிரவீணா எப்படியிருக்கா?"

"இன்னும் ஆபத்துதாங்க" என்றாள் சௌந்தரம். "ரெண்டு மாசம் அசையாம கெடக்கணுமாம். தேஞ்சு போயிட்டா பிள்ளை."

"போனை அவகிட்டக் குடு."

ஏதோ குசுகுசுப்பு கேட்டது. அதில் மகளின் குரலும் இருந்தது. ராஜகுரு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"பேச மாட்டாளாம்ங்க" என்றாள் சௌந்தரம். "எதுனா புதிர் போட்டீகன்னா, தெரிஞ்சா பதில் எழுதுறாளாம்."