மாமியார் ஓட்டும் லாரியும் மாமனார் தேடும் கிராபிக்ஸ் கார்டும்

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும் என் மகளும் பேத்தியும் உங்கள் மாமியாரும் நலமாக இருப்பதைத் தினமும் காலை ஒன்பது மணிக்குப் போனில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இருந்தாலும் கடிதம் என்று உட்கார்ந்தால் நலம் விசாரிக்காமல் கை ஓடமாட்டேன் என்கிறது. இதை வீட்டு போனுக்கு அனுப்பாமல் உங்கள் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புவதற்குக் காரணம் உண்டு. உங்கள் வீட்டில் ஒருவர் போனுக்கு வருவதை நான்கு பேர் படிக்கிறீர்கள். பேத்திக்குப் பத்து மாதம்தான் ஆகிறது என்றாலும் போன வாரம் எனக்கு வந்த ஏழு கட்டைவிரல் படங்களும் அவள் அனுப்பியவைதான் என்று விசாரணையில் தெரியவந்தது.

விஷயம் வேறொன்றுமில்லை. லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறதே, அதில் எதை எடுப்பது என்று உங்களிடம் ஒரு யோசனை கேட்கத்தான்.

எனக்கெதற்கு அது என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்கள் மாமியார் பிரசவத்துக்குத் துணையாக மூன்று மாதம் என்று சொல்லிக் கிளம்பி இது பதினோராவது மாதம். குறையாகச் சொல்லவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் 'என் மனைவியை எப்போது அனுப்புவீர்கள்' என்று கேட்கிற அளவுக்கு நான் விவரம் இல்லாதவனும் இல்லை. ஆனால் மூன்று மாதமாக, நான் காலையில் போன் போட்டால் அவள் முகம் தெரிவதில்லை, காதில் மாட்டிய ஹெட்போனின் ஒரு பக்கம்தான் தெரிகிறது. "ஏங்க, இறக்கத்துல இருக்கேன், பின்னாடி இருபது டன் பால் இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்கிறாள். மாப்பிள்ளை, முப்பத்தைந்து வருடம் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து முப்பதைத் தாண்டினால் என் சட்டையைப் பிடித்து இழுத்த பெண் அவள். அவளை உட்கார வைத்து, சாலைசாலையாக லாரி ஓட்டுகிற கேமைச் சொல்லிக்கொடுத்து, தினமும் சாயங்காலம் நீங்கள் ஒரு லாரி, அவள் ஒரு லாரி என்று ஜோடியாகக் கிளம்பிவிடுகிறீர்கள். உங்கள் சாயங்காலம்தான் என் காலை. என் பங்கு நேரத்தில்தான் பால் லாரி போகிறது.

சரி, அவள் இருக்கிற இடத்துக்கு நாமே போய்விடலாம், நாமும் ஒரு லேப்டாப் வாங்கி ஒரு லாரியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போவோம் என்று முடிவு செய்தேன். கடைத்தெருவில் உள்ள பெரிய கடைக்குப் போனேன். அங்கே ஒரு கண்ணாடிக்காரப் பெண், நல்ல விவரமானவள், எடுத்த எடுப்பில் "கேமிங்கா சார், போட்டோ எடிட்டிங்கா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பின்னால் வரிசையில் யார் நிற்கிறார் என்று பார்த்தால் நம் மாடிவீட்டு வங்கி மேனேஜர், அச்சு இயந்திரத்துக்கு மை வாங்க வந்து நிற்கிறார். நான் முப்பத்திரண்டு வருடம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து, தெருவில் நுழைந்தாலே தராசுகள் நேராக நின்ற காலத்தைப் பார்த்த மனிதர் அவர். அவர் முன்னால் எப்படிச் சொல்வேன், லாரி விளையாட்டு விளையாடப்போகிறேன் என்று? "போட்டோ எடிட்டிங்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு அன்றே அபராதம் போட்டிருக்க வேண்டும்.

அந்தப் பெண் பொய் சொல்லாதவள். "போட்டோவுக்குன்னா தனியா கார்டே தேவையில்ல சார், பிராசசருக்குள்ளயே இருக்கிறது தாராளமா போதும். அந்தக் காச நல்ல ஸ்கிரீனுக்குப் போடுங்க, கலர் அப்படியே வரும்" என்று, மெலிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வழக்கம்போல் என் கைத்தராசில் நிறுத்திப் பார்த்தேன். பெட்டியில் போட்டிருந்ததைவிடப் பதினொரு கிராம்தான் அதிகம். அளவு சுத்தமான கடை என்று நம்பி வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து லாரியைக் கிளப்பினால் லாரி போகவில்லை, படம் படமாக நின்றது. ஒரு படத்தில் சாலையில் இருக்கிறேன், அடுத்த படத்தில் வேலியில் இருக்கிறேன், அதற்கடுத்த படத்தில் லாரி மல்லாந்து கிடக்கிறது, நடுவில் என்ன நடந்தது என்று சாட்சி சொல்ல ஆளில்லை. மூன்று நாள் இப்படி ஓட்டி, முதல் பெட்ரோல் பங்கைக்கூடத் தாண்டவில்லை. வெறுத்துப்போய், சொன்ன பொய்க்காவது உண்மையாக இருப்போம் என்று போட்டோ எடிட்டிங்கே செய்துபார்த்தேன். நீங்கள் அனுப்பிய படம் ஒன்றில் உங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்த உங்கள் மாமியாரைச் சுற்றி வெட்டியெடுத்து, நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவள் நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்த வேலையை மட்டும் அந்த மெஷின் பிரமாதமாகச் செய்தது. போனில் தெரியாததெல்லாம் அதில் தெரிந்தது. அவள் கண்ணாடி ஃப்ரேம் புதுசு. எப்போது மாற்றினாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சோபாவில் பாதி மறைந்திருந்த இடதுகை மட்டும் மேஜையில் பாதியோடு நின்றுவிட்டது. அப்படியே வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து டீ குடித்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

நேற்று சனிக்கிழமை மறுபடி கடைக்குப் போனேன். ஏழு நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம், திருப்பியும் கொடுக்கலாம் என்று ரசீதிலேயே இருக்கிறது, நாளையோடு கெடு முடிகிறது. வரிசையில் தெரிந்த முகம் ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "அம்மா, உண்மையைச் சொல்லிடறேன், எனக்கு வேண்டியது கேமிங்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதற்கே அவளுக்கு ஒரு நற்சான்று எழுதிக் கொடுக்கலாம். கார்டுக்கென்று தனி மெமரி வேண்டும், நான்கு ஜிபி இழுபறி, ஆறு சுமார், எட்டு இருந்தால் நிம்மதி என்று பொறுமையாகச் சொன்னாள். ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளச் சொன்னாள்: லேப்டாப்பில் கார்டைப் பலகையோடு பற்றவைத்துவிடுவார்களாம், பிறகு பிடிக்கவில்லை என்று கழற்றி மாற்ற முடியாதாம். கட்டிக்கொண்டது கட்டிக்கொண்டதுதான். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நாற்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறேன்.

எனக்கு ரத்தம் கொதித்தது அடுத்த விஷயத்தில். ஒரே பெயர், ஒரே எண், ஒரே எட்டு ஜிபி, இரண்டு லேப்டாப். விசாரித்தால், ஒன்றில் கார்டுக்கு அறுபது வாட் போகிறதாம், இன்னொன்றில் நூற்றுப்பதினைந்தாம். பலம் பாதிக்குப் பாதி வித்தியாசம், பெயர் மட்டும் ஒன்று! "ஒரு கிலோன்னு எழுதிட்டு அரைக் கிலோ போட்டா நான் கடையையே பூட்டியிருப்பேன், தெரியுமா?" என்று குரலை உயர்த்திவிட்டேன். "வாட் கணக்கு கம்பெனி சைட்ல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க சார்" என்றாள். "சின்ன எழுத்துக்குத்தாம்மா எங்களுக்கெல்லாம் சம்பளம் கொடுத்தாங்க" என்றேன். முதலாளி உள்ளிருந்து எட்டிப்பார்த்துவிட்டு, நான் பழைய இன்ஸ்பெக்டர் என்று தெரிந்ததும் எனக்கு நாற்காலி போட்டு, பார்வைக்கு வைத்திருந்த மெஷின்களில் மூன்றாவதாக இருந்த நூற்றுப்பதினைந்து வாட்டைத் திறந்துவிட்டு, "நீங்களே ஓட்டிப் பாருங்க சார், எவ்வளவு நேரம் வேணும்னாலும்" என்றார். அந்த மெஷினில் ஓட்டுகிறவர் பெயர் 'டெமோ 3' என்றே பதிவாகியிருந்தது. அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை, அந்த எட்டு ஜிபியில் சாலை எப்படி வந்தது என்கிறீர்கள்! மரத்தில் இலை தெரிகிறது, தார் மேல் ஈரம் தெரிகிறது. விசிறி மட்டும் மிக்ஸி மாதிரி இரைந்தது, மடியில் வைக்க முடியாத சூடு. காலையில் போனில், மலைப்பாதை வழியாகத் துறைமுகத்துக்குப் போவதாக உங்கள் மாமியார் சொல்லியிருந்தாள். நானும் அங்கேயே போய் ஓரமாக நின்றேன். பத்து நிமிடத்தில் மஞ்சள் லாரி ஒன்று என்னைத் தாண்டிப் போயிற்று. அதன் தலைக்கு மேல் எழுத்து மிதந்தது: 'மாமியார்'. என் மகள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும்.

பின்னாலேயே போனேன். நாற்பது நிமிடம். கடையில் ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள், பில் போடுகிறார்கள், நான் அந்த இரண்டு சிவப்பு விளக்கையும் பார்த்துக்கொண்டு போகிறேன். கண்ணாடிக்காரப் பெண் வந்து, "முன்னாடி போறது யாரு சார்?" என்றாள். "என் வீட்டுக்காரம்மா" என்றேன். அவள் அதற்குப் பிறகு வந்த இரண்டு வாடிக்கையாளர்களையும் என் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டாள். பக்கத்து லாரிக்காரர்கள் பேசுவதும் அந்த கேமில் கேட்குமாம்; உங்கள் குரலும் உங்கள் மாமியார் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன. "அத்தை, லெஃப்ட்ல பள்ளம்" என்கிறீர்கள். "பாத்துட்டேன் மாப்பிள்ளை" என்கிறாள். பதினோரு மாதத்தில் அவள் குரலைச் சேர்ந்தாற்போல் நாற்பது நிமிடம் நான் கேட்டது நேற்றுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் நானும் பேசலாம் என்று அந்தப் பெண் காட்டிக்கொடுத்திருந்தாள். அழுத்தினேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும் போல. அப்போதுதான் நீங்கள், "யாரோ ஒருத்தன் ரொம்ப நேரமா உங்க பின்னாலயே வர்றான் அத்தை, மூச்சு வேற விடறான். இருங்க, இவன முடிச்சுடறேன்" என்று சொல்லி, புகார் கொடுத்து, என்னை அந்தச் சாலையை விட்டே வெளியேற்றினீர்கள்.

அந்த ஆள் நான்தான், மாப்பிள்ளை. மாமியாருக்குப் பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் டெமோ 3 இப்போது அந்த கேமுக்குள்ளேயே போக முடியவில்லை. கடை முதலாளி என்னைக் கேட்கவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டார். தயவுசெய்து புகாரைத் திரும்பப் பெறவும்.

ஆக, நாளைக்குள் நான் முடிவு சொல்லியாக வேண்டும். ஆறு ஜிபி, தொண்ணூறு வாட், சூடு குறைவு. இல்லையென்றால் எட்டு ஜிபி, நூற்றுப்பதினைந்து வாட், மிக்ஸிச் சத்தம். எது என்று ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சமைக்கிறேன், துவைக்கிறேன், இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குகிறேன், அவ்வளவுதான். குழந்தை நடக்கட்டும், பேசட்டும், பள்ளிக்கூடம்கூடப் போகட்டும். அவள் அங்கேயே எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். அவசரமே இல்லை.

உங்களுக்கும் என் மகளுக்கும் எல்லா நலனும் வளமும் சேரட்டும். பேத்தியின் இரண்டு கட்டைவிரலுக்கும் தாத்தாவின் முத்தம். உங்கள் மாமியாரிடம் நான் விசாரித்ததாகச் சொல்லவும். லேப்டாப் விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமா

பி.கு.: இதை அனுப்பப் போகும் நேரத்தில் போன் அடித்தது. உங்கள் மாமியார். அவளாகவே கூப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா? எடுத்ததும், "ஏங்க, நேத்து அந்த டெமோ மூணு நீங்கதானே?" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "முன்னாடியும் வண்டி இல்ல, எதிர்லயும் வண்டி இல்ல, ஒவ்வொரு வளைவுக்கும் ரெண்டு தடவ ஹாரன் அடிச்சுட்டுத் திரும்புற மனுஷன் உலகத்துல வேற யாரு இருக்கா? நீங்க தொலைஞ்சுடக் கூடாதுன்னுதான் அவ்வளவு மெதுவா உருட்டிக்கிட்டு வந்தேன். ஏதாவது பேசுவீங்கன்னு பாத்தேன். மூச்சுதான் விட்டீங்க." அவளே மேலும் சொன்னாள். "பதினோரு மாசமா போன் பண்றீங்க. ஒரு நாளாவது வான்னு சொன்னீங்களா? ஒரு குறையும் இல்ல, அவசரம் இல்லன்னே சொல்றீங்க. சரி, அங்க என்னைத் தேட ஆளில்லன்னுதான் இந்த லாரியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

வந்துவிடு என்று சொன்னேன், மாப்பிள்ளை. இரண்டு தடவை சொன்னேன், முதல் தடவை சரியாகக் கேட்கவில்லை என்றாள்.

ஆகவே கார்டு எதுவும் வேண்டாம், லேப்டாப்பை நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மேலே அவசரமே இல்லை என்று எழுதியிருப்பதைப் பொருட்படுத்தாமல், கிடைக்கிற முதல் விமானத்தில் அவளுக்கு டிக்கெட் போடுங்கள். அவசரம்.