எட்டு ஓட்டைப் பலகைகள் மூன்று

குருசுக்குப்பம், புதுச்சேரி
செவ்வாய்க்கிழமை

கடலூர் முதுநகரில் இருக்கும், என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மச்சான் வெற்றிச்செல்வன் அவர்களுக்கு, உங்கள் தங்கை அங்கம்மாளின் புருஷன் மாரியப்பன் நின்றுகொண்டே எழுதுவது.

நின்றுகொண்டே என்பதை மரியாதைக்காக எழுதவில்லை. ஆறு நாளாக எனக்கு உட்கார முடியவில்லை. பிரிட்ஜின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். அது உதறும்போது எழுத்தும் உதறும், பொறுத்துக்கொள்ளவும். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, வீட்டுக் குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மறைப்பானேன், ஐம்பத்தொன்பது வயதில் ஸ்கேட்போர்டில் ஏறி நின்றேன். அந்த ஓர் இடத்தைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும், உங்கள் தங்கையின் சட்டம் அது. தவிர, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் போட்ட நாலு போனையும் நீங்கள் கட் செய்துவிட்டீர்கள். தாய்மாமனைக் கூப்பிடாமல் பெண் பார்க்க ஆளை வரவழைத்துவிட்டான் என்று நீங்கள் கோபமாக இருப்பது நியாயம்தான். ஆனால் மச்சான், அன்றைக்கு நீங்கள் வராதது உங்கள் மானத்துக்கும் என் மானத்துக்கும் நல்லதாகப் போயிற்று. எப்படி என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் இனியாவும் முத்தியால்பேட்டைப் பையன் பிரேம்குமாரும் ஒருவரை ஒருவர் விரும்புவது உங்களுக்குத் தெரியும். பையனின் அப்பா இராமதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் லாரி ரிப்பேர் பார்த்துவிட்டு வந்து இங்கே பென்ஷன் வாங்குகிறவர், பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தாவாம், ஊரில் சொல்தா இராமதாஸ் என்றால்தான் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் பிரான்சு குடியுரிமை. கல்யாணமான மறு மாசமே பெண்ணை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெருவே பேசியது. பேசட்டும், எனக்கென்ன, பிள்ளை நன்றாக இருந்தால் சரி. இனியா மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். சென்னையில் கம்பெனி வேலை பார்த்தாலும் அவளுக்குப் படம் வரைவதுதான் உயிர் என்பது உங்களுக்கும் தெரியும். அவங்க வர்றப்ப நான் வரைஞ்சத நம்ம வீட்டு செவுத்துல பாக்கணும், பாத்துட்டு இந்தப் பொண்ணு இப்படித்தான்னு தெரிஞ்சுதான் சரி சொல்லணும், மூஞ்சி சுளிச்சா அத்தோட எழுந்து போயிடலாம் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அந்த விஷயத்தில் அவள் உங்கள் ஜாடை. நானும் ஏதோ பிரேம் போட்ட படமாகச் சனிக்கிழமை கையில் எடுத்துக்கொண்டு வருவாள் என்று இருந்துவிட்டேன்.

போன செவ்வாய் காலையில் அவள் பெயரில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் மூன்று பலகை. இடுப்புயரம், இரண்டு முனையும் மேலே வளைந்து, வழவழவென்று. வயிற்றுப் பக்கம் ஏதோ வர்ணம், முதுகுப் பக்கம் வெறும் கட்டை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் பீச் ரோட்டில் பையன்கள் ஏறி நின்று கடகடவென்று போவார்களே, அந்த ஸ்கேட்போர்டு. ஆனால் சக்கரம் இல்லை. முன்னால் நாலு, பின்னால் நாலு என்று பலகைக்கு எட்டு ஓட்டை மட்டும் இருந்தது. வேறு ஒரு விவரமும் பெட்டியில் கிடையாது. கடைக்காரன் சக்கரத்தை விட்டுவிட்டு அனுப்பிவிட்டான் என்று முடிவு செய்தேன். இருபத்திரண்டு வருஷம் மில்லில் பிட்டராக இருந்தவன், இப்போது தேங்காய்த்திட்டு ஐஸ் பாக்டரியில் மிஷின் பார்க்கிறவன், எட்டு ஓட்டை திறந்தபடி கிடப்பதைப் பார்த்துவிட்டு எப்படி மச்சான் சோறு தின்ன முடியும்? ஓட்டை என்றால் அதில் போல்ட்டு இருக்க வேண்டும். உடனே பெரிய மார்க்கெட் பக்கத்து இரும்புக் கடைக்குப் போய்ப் பட்டையும் சக்கரமும் வாங்கி வந்து, நாலு ஓட்டைக்கு ஒரு பட்டை, பட்டைக்கு இரண்டு சக்கரம், உள்ளே பேரிங், கொஞ்சம் கிரீஸ் என்று வேலையை ஆரம்பித்தேன். புதன்கிழமை லீவு போட்டு மூன்றையும் முடித்தேன். சக்கரம் வயிற்றுப் பக்கம்தானே வர வேண்டும், அதனால் வர்ணம் எல்லாம் பட்டைக்கு அடியில் போயிற்று. போகட்டும், தரையைப் பார்க்கிற பக்கத்துக்கு எதற்கு அழகு என்றுதான் நினைத்தேன்.

வேலை முடிந்தால் ஓட்டிப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்பது மில் வழக்கம். ஹாலில் வைத்து ஏறினேன். பேரிங் அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது, ஏறியதுதான் தெரியும், பலகை சமையல்கட்டுக்குப் போய்விட்டது, நான் போகவில்லை.

குப்புறப் படுத்துக் கிடந்த என்னைப் பார்த்து அங்கம்மாள் பதறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அந்தப் பலகையைத்தான் கையில் எடுத்தாள். மறுநாள் விடியற்காலை அதன் மேல் ஐஸ் பெட்டியையும் மீன் கூடையையும் வைத்துக் கயிறு கட்டி, ஆட்டோ நிற்கிற இடத்திலிருந்து மார்க்கெட்டுக்குள் அவள் கடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். சுமைக்கூலி ஆளைத் தேடாமல் அவள் பாட்டுக்கு வருவதைப் பார்த்து, பக்கத்துக் கடை வீராயி தனக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். நான் படுத்தபடியே பெருமைப்பட்டுக்கொண்டேன். இப்படி வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் மீன் தண்ணீரிலும் உப்பிலும் அந்தப் பலகை ஓடியது.

சனிக்கிழமை மத்தியானம் இனியா வந்தாள். வாசலில் அம்மா பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளை செருப்பைக் கூடக் கழற்றாமல் அதைப் புரட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்து, “அப்பா, இது அம்மா மூஞ்சிப்பா” என்றாள்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினாள். அப்போதுதான் மச்சான் கண் திறந்தது. ஒன்றில் துறைமுகத்துப் படகு, ஒன்றில் ஏலம் போடுகிற கூட்டம், நடுவில் தலையில் கூடையோடு உங்கள் தங்கை. மூன்றும் சேர்ந்தால் ஒரே படம். ஸ்கேட்போர்டுப் பலகையைச் சக்கரம் இல்லாமலே வாங்கி வயிற்றில் படம் எழுதிச் சுவரில் மாட்டுவது இப்போது ஒரு கலையாம், இரண்டு மாசம் ராத்திரி பகலாக இதைத்தான் வரைந்திருக்கிறாள். அங்கம்மாள் நெற்றியில் ஒரு பட்டை, தாடைக்குக் கீழே ஒரு பட்டை. தன் மூஞ்சியின் மேலேயே மூன்று நாள் மீன் ஏற்றிப் போயிருக்கிறாள் உங்கள் தங்கை. அவளோ குனிந்து பார்த்துவிட்டு, நான் இவ்ளோ கறுப்பாவா இருக்கேன் என்று கேட்டாள், அப்புறம் கூடையில இருக்குற சங்கரா மீனுக்குக் கண்ணு சரியா வந்திருக்கு என்று ஒப்புக்கொண்டாள்.

இனியா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, “நாளைக்கு அவங்க வர வேணாம்னு சொல்லிடுப்பா. காட்ட ஒண்ணும் இல்லாம எதுக்கு வரணும்?” என்றாள். ஸ்பேனரை எடுத்தேன். ஓரத்துப் பலகை இரண்டிலும் சக்கரம் கழன்று வந்துவிட்டது, கொஞ்சம் சிராய்ப்போடு. நடுப்பலகையில் உப்பு பிடித்து நட்டு இறுகிப்போய்விட்டது. எண்ணெய் விட்டேன், தட்டினேன், கும்பிட்டேன். ஐஸ் பாக்டரியையே கழற்றி மாட்டுகிற நான் என் கையால் போட்ட எட்டு போல்ட்டில் ஒன்றைக் கூடத் திருப்ப முடியவில்லை. கடைசியில் நடுப்பலகையை அப்படியே, நாலு சக்கரத்தோடு சுவரில் மாட்டினோம். ஷாம்பு போட்டு மூன்று தடவை தேய்த்தும் வாடை போகவில்லை. ஞாயிறு காலையிலிருந்து தெருப் பூனை இரண்டு அதன் அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. இந்தக் கோலத்தில் தாய்மாமனை எந்த முகத்தோடு மச்சான் கூப்பிடுவேன்? அவர்கள் எழுந்து போவதை நீங்களும் பார்க்க வேண்டுமா என்றுதான் விட்டுவிட்டேன்.

பதினோரு மணிக்கு இராமதாஸ், அவர் சம்சாரம் சின்னப்பாப்பா, பையன் மூன்று பேரும் வந்தார்கள். என்னால் உட்கார முடியாதே, நின்றேன். பெண்ணைப் பெற்றவர் மரியாதைக்காக நிற்கிறார் என்று நினைத்து இராமதாஸும் எழுந்து நின்றார். அவர் நின்றதால் அந்த அம்மாவும் நின்றார்கள். பட்டாளத்து அணிவகுப்பு மாதிரி எல்லாரும் நின்றுகொண்டே கேசரி தின்றோம். இராமதாஸ் சுவருக்குப் பக்கத்தில் போய் விரலால் ஒரு சக்கரத்தைச் சுண்டினார். அது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தப் பேரிங் யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். அதற்கு மேல் அவர் படத்தைப் பார்க்கவில்லை, கிரீஸ் என்ன கிரீஸ் என்று என்னோடு ஆரம்பித்துவிட்டார். இனியா முகம் சுருங்கிப்போயிற்று.

படத்தைப் பார்த்தது அந்த அம்மாதான். படத்தையும் அங்கம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “பெரிய மார்க்கெட்டுல எனக்கு எப்பப் பாரு வால் பக்கமே வெட்டிக் குடுக்குறது நீங்கதானே?” என்றார்கள்.

அங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்படிக் குனிந்து இதுவரைக்கும் நான் பார்த்ததில்லை.

“அதே கண்ணு,” என்று அந்த அம்மா படத்தைக் காட்டினார்கள். “ குடுக்கும்போது இப்படித்தான் வேற பக்கம் பாப்பாங்க. எம்மா, என்னையும் இதே மாதிரி எழுதுவியா? எங்க வீட்டு செவுரு காலியாத்தான் கெடக்கு.”

“எழுதறேன் அத்தை,” என்றாள் இனியா. “சக்கரம் இல்லாம.”

அத்தை என்று அவள் வாயில் வந்ததைக் கேட்டதும் எனக்கு வலியெல்லாம் போய்விட்டது மச்சான், மறந்துபோய் உட்கார்ந்துவிட்டேன், அடுத்த நொடி எழுந்துவிட்டேன். அப்புறம் இராமதாஸ் இன்னொரு தடவை சக்கரத்தைச் சுண்டிக்கொண்டே பொதுவாக ஒன்று சொன்னார்: பையனுக்குப் பிரான்சு குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, இங்கேயே முத்தியால்பேட்டையில் ரொட்டிக் கடை வைக்கப் போகிறான், இனியாவும் சென்னை வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். நான் ரொம்பச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பூனை ஓடிவிட்டது.

ஆகவே எல்லாம் நல்லபடி முடிந்தது. நிச்சயதார்த்தம் வரும் மாசம் வளர்பிறையில். தாய்மாமன் கை படாமல் தட்டு நகராது, முதல் நாளே அக்காவோடு வந்து சேரவும். நீங்கள் திட்டுவதையெல்லாம் திட்டுங்கள், நான் நின்றுகொண்டே கேட்டுக்கொள்கிறேன். நடந்தது முழுக்க ஒரு பிட்டரின் அறியாமைதான் என்று மன்னித்து, பிள்ளைக்கு உங்கள் ஆசீர்வாதத்தை அனுப்பி வையுங்கள். சின்னவர்களுக்கு என் அன்பு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் கோபம் தணியக் காத்திருக்கும்
மாரியப்பன்

பி.கு.: பெட்டியில் வேறு ஒரு விவரமும் இல்லை என்று மேலே எழுதியது பொய் மச்சான். பிள்ளையின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. “அப்பா, ஹால்ல ஜன்னலுக்கு எதிர் செவுத்துல மாட்டு. நீதான் மாட்டணும்” என்று எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமையே படித்துவிட்டேன். படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இரும்புக் கடைக்குப் போனேன். படம் சுவரில் இல்லாவிட்டால் பேச்சு முறியும், முறிந்தால் இனியா பிரான்சுக்குப் போக மாட்டாள் என்று ஒரு கிறுக்குக் கணக்கு. சுவரைப் பார்த்து உட்கார்ந்தாளே, அப்போதே அந்தக் கணக்கை விட்டுவிட்டேன், ஆனால் நட்டு விடவில்லை. சீட்டைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. சிரித்ததைக் கூட, சக்கரம் சுற்றியதற்குச் சிரித்தேன் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். போன செவ்வாய் ராத்திரி அவள் போன் செய்து பார்சல் வந்துச்சாப்பா என்று கேட்டபோது வந்துச்சும்மா என்று மட்டும் சொன்னேன். தூரமாப் போயிடாதம்மா என்று சொல்லவில்லை.