வண்டிக்குள்ள பூந்த காத்து

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மச்சினி மீனாவுக்கு நிச்சயதார்த்தம். சின்ன காஞ்சிபுரத்துல பியூட்டி பார்லர்ல இருந்து அவளை ஏத்திக்கினு திருப்புட்குழி மண்டபத்துக்குப் போகணும். பத்தரைக்குள்ள பத்திரிகை வாசிச்சாகணும். அதுக்கு மேல நேரம் சரியில்லையாம்.

"ஆட்டோ சொல்லிடட்டுமா?"ன்னு என் பொண்டாட்டி கேட்டா.

"வீட்டுல கார் நிக்கும்போது மச்சினியை ஆட்டோவுல அனுப்புவாங்களா?"ன்னு நான் கேட்டேன். இந்த வாய் இருக்கே, இதை என்ன பண்றதுன்னே தெரியல.

மொத சிக்னல்லயே வண்டி ஒதற ஆரம்பிச்சுது. டேஷ்போர்டுல இன்ஜின் படம் போட்ட மஞ்ச லைட்டு வேற எரிஞ்சுது. எனக்கு ஒரே குஷி. வண்டியில என்ன கோளாறுன்னு போன்ல காட்டற ஸ்கேனர் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கியிருந்தேன், அதை சொருகிப் பாக்க ஒரு சான்ஸ் கெடைச்சுதே.

சொருகினேன். மிக்ஸ்சர் ரொம்ப லீன்னு போன்ல வந்துது. லீன்னா பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தின்னு யூட்யூப்ல பாத்திருக்கேன். பெட்ரோல் தானே கம்மி? நேரா பங்க்குக்குப் போய் டேங்கை ரொப்பினேன்.

வண்டி இன்னும் நல்லா ஒதறுச்சு.

பார்லருக்கு ரெண்டு தெரு முன்னாடி சுத்தமா நின்னுடுச்சு. நின்ன எடம் நல்ல எடம், எதிர்ல ரஃபிக் பாய் மெக்கானிக் ஷெட். பாய் பானெட்டைத் தொறந்து, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, காதை வெச்சுக் கேட்டாரு.

"லீனா ஓடுதுபா. எங்கியோ சந்து வழியா காத்து உள்ள பூந்துக்கினு இருக்குது."

"டேங்க் ஃபுல் பாய்."

பாய் என்னை ஏற எறங்கப் பாத்தாரு. "சோத்துப் பானை ரொம்பினா மட்டும் வயிறு ரொம்பிடுமாபா?"ன்னு கேட்டுட்டு ஒரு ஸ்ப்ரே டப்பாவைத் தேடப் போனாரு. ஸ்ப்ரே அடிச்சு எந்த எடத்துல ஒதறல் அடங்குதோ அங்கதான் சந்து இருக்குதாம்.

அந்த நேரம் பாத்து மாமனாரு போன். அவரு நிக்கிறது மண்டபத்துல, பக்கத்துலயே நாதஸ்வரம். நான் "லீனா"ன்னு சொன்னது அவரு காதுல "மீனா"ன்னு விழுந்திருக்குது. பாய்னு சொன்னா அவருக்குத் தெரிஞ்சது மந்திரிச்சு தாயத்து கட்டற பாய் மட்டும்தான். காத்துன்னா காத்து கருப்பு. இதெல்லாம் அப்ப எனக்குத் தெரியாது.

"எங்க மாப்ளே இருக்கீங்க?"

"பார்லருக்கு ரெண்டு தெரு முன்னாடி, பாய்கிட்ட காட்டிக்கினு இருக்கேன் மாமா. லீனா ஓடுது. உள்ள காத்து பூந்துடுச்சாம்."

"அய்யய்யோ, எப்பத்துல இருந்து?"

"நேத்து சாயந்திரத்துல இருந்தே இருந்திருக்கும். நான்தான் கவனிக்கல. ஒரே ஒதறல், ஒரே சத்தம்."

மாமனாரு கொரல் ஒடைஞ்சு போச்சு. என் வண்டி மேல இந்த மனுஷனுக்கு இவ்ளோ பாசமான்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"பயப்படாதீங்க மாமா. ஸ்ப்ரே அடிச்சா அடங்கிடும்னு பாய் சொல்றாரு."

"மாப்பிள்ளை வீட்டுல சொல்லலாமா?"

"சொல்லிடுங்க மாமா. இதுல மறைக்க என்ன இருக்குது?"

பாய்க்கு ஸ்ப்ரே டப்பா கெடைக்கவே அரை மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள மீனாவே எனக்குப் போன் போட்டு எடத்தைக் கேட்டுக்கினு நடந்து வந்துட்டா. பட்டுப்புடவை, பாதி பின்னின சடை, மொகம் முழுக்க மேக்கப். வேர்வையில மை கரைஞ்சு கன்னம் வரைக்கும் வந்துக்கினு இருந்துது.

"சும்மாதானேம்மா நிக்கற, ஆக்ஸிலேட்டரை மிதிச்சுப் புடி"ன்னு பாய் அவளை டிரைவர் சீட்டுல உக்கார வெச்சுட்டாரு. வண்டி ஒதறுச்சு. வண்டி கூட சேந்து மீனாவும் ஒதறினா. சடையில இருந்த பாதிப் பின்னலும் அவுந்துடுச்சு.

"இன்னிக்கு ஒருத்தரையும் சும்மா விடமாட்டேன்"னு என்னைப் பாத்துக் கத்தினா. ஞாயம்தான்.

சரியா அப்ப ஒரு வேன் வந்து நின்னுது. மாமனாரு வேப்பிலையோட எறங்கினாரு. மாமியார் கையில விபூதி. பின்னாடியே மாப்பிள்ளை, மாப்பிள்ளையோட அம்மா. அந்தம்மா மீனாவை ஒரு தடவை பாத்துட்டு, எறங்கின காலை மறுபடியும் வேனுக்குள்ள வெச்சுட்டாங்க.

மாமனாரு கார் கிட்ட போய் மீனாவை அதட்டினாரு. "யாரு நீ? உனக்கு என்ன வேணும்?"

"என்னப்பா கேக்கற? என்னைத் திருப்புட்குழிக்கு இட்டுனு போ."

"திருப்புட்குழியில யாரு செத்தாங்கன்னு தெரியலையே"ன்னு மாமியார் அழ ஆரம்பிச்சாங்க.

பாய் இதையெல்லாம் கண்டுக்கவே இல்ல. காத்து போற குழாய் மேல ஸ்ப்ரேவை ஒரு அடி அடிச்சாரு. வண்டி சட்டுனு அமைதியாச்சு. மீனாவும் ஒதறல் நின்னு அமைதியாயிட்டா. மாமியார் பாயைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க.

"இருமா, இன்னும் முழுசா போகல"ன்னாரு பாய். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குழாய் கிளிப்பை நாலு சுத்து திருவினாரு. அப்பறம் என் பக்கம் திரும்பினாரு. "ஏர் ஃபில்டரைக் கழட்டினது யாருபா?"

நான்தான். நிச்சயத்துக்கு வண்டி ஜோரா இருக்கணும்னு நேத்து நானே கழட்டி ஊதித் தொடைச்சு மாட்டினேன். மாட்டினப்ப கிளிப்பை முடுக்க மறந்துட்டேன். அந்தச் சந்துலதான் காத்து பூந்திருக்குது.

மீனா, லீனா, காத்து, பாய் எல்லாத்தையும் அந்த நடுத்தெருவுல நிக்க வெச்சே நான் வெளக்க வேண்டியதாப் போச்சு. மொதல்ல சிரிச்சது மாப்பிள்ளை. வயித்தைப் புடிச்சுக்கினு சிரிச்சாரு. அவரு சிரிக்கிறதைப் பாத்து மீனாவும் சிரிச்சுட்டா. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துது. என்னால ஒரு நிச்சயம் நின்னு போச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?

பத்து இருவதுக்கு மண்டபம். பத்தரைக்குள்ள பத்திரிகை வாசிச்சாச்சு.

மாப்பிள்ளையோட அம்மா மட்டும் எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு தாயத்தை மந்திரிச்சு வாங்கியாந்து, மீனாவை விட்டுட்டு என் கையில கட்டினாங்க.