நாலு குமிழும் நடுவில் ஒரு தம்பியும்

மதிப்பும் மரியாதையும் மிக்க, கோபம் அதனினும் மிக்க பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மகள், உங்களால் ‘வாலு’ என்று பட்டம் சூட்டப்பட்டவள், இம்முறை வாலைச் சுருட்டி வைத்துவிட்டு எழுதுவது. இங்கு அனைவரும் நலம், அப்பாவின் முகம் மட்டும் நலமில்லை.

தாத்தாவின் காரை நீங்கள் விற்கப்போவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். அப்பாவிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நீங்கள் இருவரும் பேசுவதில்லை. பேசாததற்குக் காரணம் ஒரு குமிழ். கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பிடியில் இருக்குமே, அந்த நெல்லிக்காய் அளவுக் குமிழ். நாலில் மூன்று உடைந்துபோக, நன்றாக இருந்த ஒன்றை மாதிரிக்கு அனுப்பினீர்கள். பழைய கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகம் வார்த்துக் கொடுப்பதுதான் அப்பாவின் பிழைப்பு. மேல்தோலை நம்பமாட்டார், அறுத்து உள்நிறத்தைத்தான் பார்ப்பார். பார்த்தார். நாலு புதுக் குமிழோடு உங்கள் குமிழும் இரண்டு பாதிகளாக உங்கள் வீடு வந்து சேர்ந்தது.

“டேய், நான் கேட்டது அப்பா கை பட்டுப் பழுத்த நிறம்டா! நீ பாலாடை மாதிரி வெள்ளையா ஊத்தி அனுப்பியிருக்க!”

“அண்ணே, அது வெயில்ல பழுத்தது. உள்ள இருக்கறதுதான் நிஜ நிறம்.”

“நிஜத்தப் பாக்க எங்கப்பா குமிழத்தான் அறுக்கணுமா?”

“எனக்கும் அவர் அப்பாதாண்ணே!”

டொக். அன்று வைத்த போன். அத்தனையும் தபாலில் திரும்பி வந்தது. கார்க் கண்ணாடியும் இறங்கவில்லை, நீங்கள் இருவரும் இறங்கி வரவில்லை.

சரி, நாமே பழுக்க வைப்போம் என்று ஒரு வெள்ளைக் குமிழை டீத்தண்ணியில் போட்டுக் கொதிக்க வைத்தேன், குமிழ் அப்படியே இருந்தது, பாத்திரம் பழுத்துவிட்டது, அம்மா என்னைப் பழுக்க வைத்தார், சரி வெயில்தானே காரணம் என்று மொட்டை மாடியில் காயப்போட்டால் முட்டை என்று நினைத்ததோ என்னவோ காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது, மூன்றாவதுக்கு பூட்ஸ் பாலிஷ் பூசி வைத்தேன், அதைத் தொட்டுவிட்டு அப்பா மூக்கைச் சொறிந்ததில் என் சாயம் வெளுத்தது. திட்டுவார் என்று காதைப் பொத்திக்கொண்டால், மனுஷன் திட்டவே இல்லை பெரியப்பா. பாலிஷ் குமிழை உருட்டி உருட்டிப் பார்த்தார். அப்புறம் தாத்தா குமிழின் ஒரு பாதியை, மேல்தோல் தெரிகிற மாதிரி மேசையில் வைத்துக்கொண்டு, மஞ்சள் சாயம் ஒரு சிட்டிகை, பழுப்பு அதில் பாதி, கறுப்பு ஊசி முனையில் தொட்டு, மாத்தி மாத்திக் கலந்து ஊத்தினார். டியூப்லைட்டில் அச்சு அசல். வெளியே வெயிலில் காட்டினால் பச்சை அடிக்குது! ஒரு வெளிச்சத்துக்கு ஒத்துப்போற நிறம் இன்னொண்ணுக்கு ஒத்துப்போகாதாமே.

“போட்டோ எடுத்து அனுப்பலாம்ப்பா.”

“போன் பொய் சொல்லும். கார் நிக்கிற எடத்து வெளிச்சத்துல, சீட்டு பக்கத்துல வச்சுப் பாத்துதான் கலக்கணும்.”

“அப்ப போங்க.”

“கூப்பிடாத வீட்டுக்கா?”

அவ்வளவுதான் பெரியப்பா விஷயம். “வாடா” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. காரை விற்காதீங்க. நிறம் சரியா வந்ததும் சட்டுனு ஒத்துக்கிட்டு, சண்டையை முடிச்சுடுங்க.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் கோபம் குறைந்து ஆயுள் கூடட்டும்.

பணிவுடன் (பொய் இல்லை),
வாலு

பி.கு.: மேலே எழுதினதை எல்லாம் அழிச்சுடுங்க. இந்தக் கடித உறையை ஒட்டப் பசை தேடிப் போனேன். பசையும் இல்லை, சாய டப்பாவும் இல்லை, அப்பாவும் இல்லை. யாரும் கூப்பிடாமலே உங்க ஊருக்கு பஸ் ஏறிட்டாராம். தபால் அவரை முந்தாதுன்னு இதைப் போட்டோ எடுத்து பெரியம்மா போனுக்கு அனுப்பறேன். மாத்துத்துணிகூட எடுக்கலை, தாத்தா குமிழோட ரெண்டு பாதியையும் சட்டைப் பையில் போட்டுக்கிட்டுப் போயிருக்கார். அதனால் சட்டுனு ஒத்துக்காதீங்க. முதல் குமிழே அச்சு அசலா பொருந்தினாலும், “கொஞ்சம் பச்சை அடிக்குதேடா”ன்னு சொல்லுங்க. சரியா வந்துட்டா உடனே கிளம்பிடுவார்.