பூதத்தின் முதுகுக்குப் பின்னால்

பறவைகளைப் பற்றிப் படம் போட்டுப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள், பாம்புகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், கொசுவைப் பற்றிக்கூட யாரோ ஒரு புண்ணியவான் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியிருப்பார். ஆனால் நம் தெருவிலேயே குடியிருந்து, நம் ரேஷன் கடையிலேயே வரிசையில் நின்று, நம் பிடரியிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஓர் அபூர்வப் பிராணியைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வரி எழுதக் காணோம். அபூர்வம் என்றா சொன்னேன்? தப்பு. தெருவுக்கு நாற்பது பேர் இருக்கிறார்கள். அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் முதுகுப்புறத்தார்.

யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒரு வேலையைச் செய்தால் போதும், அவர் முதுகுக்குப் பின்னால் இவர் முளைத்துவிடுவார். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன், தாமிரபரணியில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவன், வாசலில் கோலம் போடுகிற பெண், யாராக இருந்தாலும் சரி. முதலில் ஒரு செருமல். அடுத்து, இரண்டு கைகளும் பின்னால் போய்க் கோத்துக்கொள்ளும். தலை ஒரு பக்கமாகச் சாயும். அதற்குப் பிறகு வரும் பாருங்கள், அந்த மந்திரம்: "ஒரு சின்னத் திருத்தம்." சின்னத் திருத்தமாம்! மீனையே மாற்றச் சொல்லுவார், ஐயா!

இவருக்குப் பொற்காலம் பிறந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம், எங்கள் திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் கடைகள் வந்தபோது. அதற்கு முன்னால் போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் ஏணிமேல் நிற்பார். கீழே நின்று அதிகம் பேசினால் சட்டையில் பெயிண்ட் விழும். எழுதியதை அழிக்கவும் முடியாது. கம்ப்யூட்டரில் எதையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று எந்தப் பாவியோ முதுகுப்புறத்தாரிடம் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், சாமி! ஊரில் பாதிப் பேருக்கு வாழ்க்கையில் ஒரு பிடிப்பு ஏற்பட்டுவிட்டது.

ஜங்ஷனில் ஜேசுதாசன் அண்ணாச்சி கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கண்ணாடிக் கதவு, பச்சைத் திரை, வாசலில் ஒரு போர்டு: 'செருப்புகளை வெளியே விடவும்'. தூசி பட்டால் கம்ப்யூட்டருக்குச் சளி பிடிக்கும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினோம். ஆகவே உள்ளே முதலாளி முதல் வாடிக்கையாளர் வரை அத்தனை பேரும் வெறுங்காலோடுதான். இந்த வெறுங்காலை மட்டும் மறக்காமல் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடையில் பொன்செல்வி என்று ஒரு பெண். இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடக் கேள்வித்தாள், பயோடேட்டா, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் என்று தட்டித் தட்டி விரல் தேய்ந்தவள். ஆனால் அவள் கை துடித்ததெல்லாம் படம் வரையத்தான். அதுவும் என்ன படம் என்கிறீர்கள்? பூதம்! பிதுங்கிய கண்ணும் பிளந்த வாயுமாக, தனக்குப் பற்றாத ஒரு குட்டிக் காரில் தன்னை இடுப்புவரை திணித்துக்கொண்டு, புழுதி பறக்க ஓட்டிக்கொண்டு வருகிற பூதம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தயிர்சோற்றை ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் வரைவாள். பூதத்துக்குப் பல் வைக்கும்போது அவளே பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அவளுக்கும் ஒரு யோகம் வந்தது. திசையன்விளையிலிருந்து இசக்கிமுருகன் வந்தான். பழைய வேன் ஒன்றை வாங்கி, தன் ஷெட்டிலேயே என்ஜினைப் பிரித்து மேய்ந்து, பின்னால் லாரி டயர் மாட்டி, சைலன்சரை அறுத்துவிட்டு, சிங்கம்போல் உறும வைத்திருந்தான். தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களைக் குலசேகரன்பட்டினத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது.

"தாயி, வண்டி நெத்தியில ஒட்டுததுக்கு ஒரு பூதம் வேணும். அதுவும் ஒரு வண்டிய ஓட்டிட்டு வரணும். பிள்ளையொ பாத்தா சிரிக்கணும், எதுக்க வார லாரிக்காரன் பாத்தா பிரேக்கப் போடணும். முடியுமா?" என்றான்.

முடியுமாவா! பொன்செல்விக்கு நாற்காலியிலிருந்து எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஜேசுதாசன் அண்ணாச்சியோ நிதானஸ்தர். "ஏ பிள்ள, இந்தப் பூதம் அவனுக்குப் பிடிச்சுட்டுன்னா அந்த மூலை மெஷின் ஒனக்குத்தான். இனி நீ படம் மட்டும் போட்டாப் போதும். பிடிக்கலன்னா பழையபடி கேள்வித்தாளுதான், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். புதன்கிழமை நாலு மணிக்கு இசக்கிமுருகன் வந்து ஃபிளாப்பியை வாங்கிக்கொண்டு சிவகாசி அச்சகத்துக்குப் போவதாக ஏற்பாடு.

மவுஸால் படம் வரைவது என்றால் என்ன என்று தெரியுமா உங்களுக்கு? குளிக்கிற சோப்பைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவது மாதிரி. ஒரு புள்ளி வைக்க வேண்டும், இன்னொரு புள்ளி வைக்க வேண்டும், நடுவில் உள்ள கோட்டைப் பிடித்து வளைக்க வேண்டும். ஒரு தீ நாக்குக்கு முப்பது புள்ளி. பானெட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே நிற்கிற என்ஜினில் எட்டுக் குழாய், எட்டிலும் தீ. கொடிமரம் உயரத்துக்கு ஒரு கியர் கம்பி, அதைப் பிடித்திருக்கிற மயிர் முளைத்த முஷ்டி. வலது கண் பாபநாசத்தைப் பார்க்கும், இடது கண் தூத்துக்குடியைப் பார்க்கும். இரண்டிலும் சிவப்பு நரம்பு. நாக்கு வாயை விட்டுக் கிளம்பி, காற்றில் நாலு முழம் பின்னால் பறக்கும். மூன்று நாள் இழுத்து, புதன்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்குக் கடைசி நரம்பையும் போட்டு, படத்தைச் சேமித்துவைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து தன் பூதத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் தப்பாகப் போயிற்று. வேலை செய்கிறவர் சிரித்தால் முதுகுப்புறத்தாருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

முதலில் வந்தவர் கார்த்திகேசன் பிள்ளை. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்திக்குக் காதுகுத்து அழைப்பிதழ், அதன் புரூஃபைப் பார்க்க வந்தவர், பூதத்தைப் பார்த்தார். செருமினார். கை பின்னால் போயிற்று.

"ஒரு சின்னத் திருத்தம். பல்லு கொஞ்சம் கூடுதலா இருக்கே? ஒரு எட்டு பல்லக் கொறைச்சா லெச்சணமா இருக்கும்."

"சார், இது பூதம்."

"பூதம்னா? அதுக்கு ஒரு மட்டு மரியாதை வேண்டாமா?"

வயசானவர், அண்ணாச்சியின் பழைய வாடிக்கை. பொன்செல்வி எட்டுப் பல்லை எடுத்தாள். உடனே, நெற்றி பாழாய்க் கிடக்கிறதே என்று மூன்று பட்டை விபூதி போடச் சொன்னார். அதற்குள் பாக்கியவதி டீச்சர் வந்துவிட்டார்கள், காலாண்டுக் கேள்வித்தாளோடு. டீச்சர் நின்ற இடத்திலிருந்தே ஆரம்பித்தார்கள்.

"நாக்க உள்ள போடச் சொல்லும்மா. பிள்ளையொ பாத்தா அதையே பழகும். ஆமா, ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இல்லாம ஒரு கை என்னத்துக்கு அங்கன நிக்கி?"

"அது கியரு டீச்சர்."

"கியரப் பைய கீழ வையி. இது என்ன, வண்டி தீப்பிடிச்சு எரியுது, அவன் பாட்டுக்குச் சிரிச்சிட்டே போறான்? முதல்ல தீய அணை!"

எட்டுக் குழாய்த் தீயும் அணைந்தது. முப்பது எட்டு இருநூற்று நாற்பது புள்ளி, போச்சு! முதுகுப்புறத்தாரிடம் இன்னொரு விசேஷம், தனியாக இருந்தால் ஒரு திருத்தம்தான் சொல்லுவார். இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் போட்டி வந்துவிடும். பிள்ளை புகையைக் குறைக்கச் சொன்னால் டீச்சர் நம்பர் பிளேட் கேட்பார்கள். அவர்கள் சட்டை போடச் சொன்னால் இவர் அது முழுக்கையா அரைக்கையா என்று விவாதிப்பார். பின்டயர் பெரிதாக இருந்தால் வண்டி முன்னால் குடைசாயும் என்று கார்த்திகேசன் பிள்ளை ஒரு விஞ்ஞானம் பேசி, நாலு டயரையும் ஒரே அளவாக்கினார். கண்கள் இரண்டும் ஒழுங்காக முன்னால் பார்க்க ஆரம்பித்தன. தலை வாரப்பட்டது.

நானா? நானும் அங்கேதான் இருந்தேன். ஆனால் தயவுசெய்து என்னை அந்த இனத்தில் சேர்த்துவிடாதீர்கள். நான் பின்னால் நிற்கவில்லை, சற்றுப் பக்கவாட்டில் நின்றேன். மீசை வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று மட்டும் ஒரு யோசனை சொன்னேன். ஒரே ஒரு யோசனை. அப்புறம் இண்டிகேட்டர் சொன்னேன். வைப்பர் சொன்னேன்.

மூன்றே முக்கால் மணிக்குத் திரையில் இருந்தது என்ன? விபூதிப் பட்டை, கத்தரித்த மீசை, முழுக்கைச் சட்டை, வெள்ளைக் கார். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிற ஒரு கனவான்! கார்த்திகேசன் பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்ல களையான முகம். எங்கேயோ பாத்த மாரி இருக்கே?" என்றார் பரவசமாக.

எங்கேயோவா? தினமும் கண்ணாடியில் பார்க்கிற தன் முகம்தான்! டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பொன்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் சுவரில் இருந்த கடிகாரத்துக்கும் மேஜையில் குவிந்து கிடந்த கேள்வித்தாள் கட்டுக்கும் போய்ப் போய் வந்தது. மூலை மெஷின் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது, பாவம்! அந்த நேரம் பார்த்து ஈரடுக்கு மேம்பாலத்தின் பக்கமிருந்து ஓர் உறுமல் கேட்டது. கண்ணாடிக் கதவு கிடுகிடுவென்று நடுங்கியது. இசக்கிமுருகன் வந்துகொண்டிருந்தான்.

"நல்லதாப் போச்சு. முடிஞ்சமட்டும் சேவ் பண்ணிரு பிள்ள, மிச்சத்த அவன வச்சிட்டே சொல்லுதோம்" என்றார் கார்த்திகேசன் பிள்ளை.

இந்தச் சமயத்தில் என் பேனா மூடி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். மேஜைக்கு அடியில் ஒரே வயர்க் காடு. நடுவில் ஒரு பிளக் பெட்டி, அதில் சிவப்பாக எரிகிற ஒரு சுவிட்ச். அதை நோக்கி, மருதாணி வைத்த ஒரு கால் கட்டைவிரல் பைய, மிகப் பைய நகர்ந்து வந்தது. செருப்பு போட்டிருந்தால் நடக்கிற காரியமா அது?

டக்.

திரை இருண்டது.

"அட, கரண்டு போச்சே!" என்று மேலே மூன்று குரல்கள் கேட்டன. அதில் ஒன்று பொன்செல்வியினுடையது.

இப்போது நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் போனால் ஊரைக் கூட்டிக் கத்துகிற யூ.பி.எஸ். வாயைத் திறக்கவில்லை. விசிறிக் காற்றில் பறந்த காதுகுத்துப் புரூஃபை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கார்த்திகேசன் பிள்ளை முழங்கினார்: "மணிமுத்தாத்துல தண்ணி நெறைய கெடக்கு, கரண்டுக்கு என்ன கேடு? என்கிட்ட ஒரு வாரம் பொறுப்பக் குடுத்தா போதும்!" டீச்சர் அதற்கு ஒரு திருத்தம் சொன்னார்கள். அந்தத் திருத்தத்துக்கு இவர் ஒரு திருத்தம் சொன்னார். ஒருவராவது நிமிர்ந்து மேலே பார்க்க வேண்டுமே! அவர்கள் இனத்துக்குப் பார்வை அடுத்தவர் வேலையில் மட்டும்தான் படும்.

இசக்கிமுருகன் செருப்புக் காலோடு உள்ளே வந்தான். மேஜைக்கு அடியில் கட்டைவிரல் மறுபடி தன் வேலையைச் செய்தது. கம்ப்யூட்டர் கரகரவென்று செருமி, தன் சாவகாசத்துக்கு விழித்துக்கொண்டது. பொன்செல்வி படத்தைத் திறந்தாள். அந்தக் காலத்து மெஷின் படத்தை ஒரேயடியாகக் காட்டாது, பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வரும். முதலில் புகை. பின் ஆட்டுரல் கனத்துக்குப் பின்டயர். எட்டுக் குழாய். எட்டிலும் தீ! முஷ்டி, கியர், பாபநாசக் கண், தூத்துக்குடிக் கண், பல்லு பல்லு பல்லு, ஒன்றுகூடக் குறையாமல் அத்தனை பல்லும். கடைசியில் அந்த நாலு முழ நாக்கு!

"ஐயையோ, சொன்ன திருத்தம் அம்புட்டும் போச்சே! நீ சேவ் பண்ணலையா?"

"நீங்க எல்லாம் சொல்லி முடிக்கட்டும்னு இருந்தேன் சார்" என்றாள் பொன்செல்வி, பூனைபோல்.

இசக்கிமுருகன் எதையும் காதில் வாங்கவில்லை. திரைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தன் நாக்கையும் வெளியே நீட்டி, பூதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான். "ஏ தாயி! இது என் வண்டிலா! இதுல இருக்கது நான்லா!" என்று கத்தினான். பொன்செல்வி பதிந்து கொடுத்த ஃபிளாப்பியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்திக்கொண்டு, "ஒரு சின்ன..." என்று ஆரம்பித்த கார்த்திகேசன் பிள்ளையிடம், "வண்டிய ஆஃப் பண்ணாம நிறுத்தியிருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு ஓடியேவிட்டான். கதவு இன்னொரு தடவை நடுங்கி அடங்கியது. பொன்செல்வி கேள்வித்தாள் கட்டை எடுத்து அடுத்த மேஜையில் வைத்துவிட்டு, தான் தண்ணீர் குடிக்கிற டம்ளரைக் கொண்டுபோய் மூலை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கட்டைவிரல் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து எழுந்தபோது அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உன் மீசையையும் சேர்த்துத்தான் அணைத்தேன் என்று சொல்கிற பார்வை. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அன்றே திருந்திவிட்டேன். அந்தத் தசராவுக்கு எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டையில் நிற்கிறேன், நெற்றியில் பூதத்தோடு இசக்கிமுருகனின் வேன் உறுமிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரிக்கின்றன, எதிரே வந்த லாரி கிறீச்சென்று நின்றது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "பிரமாதம்லா? ஒரு மீசை மட்டும் இருந்திருக்கணும்" என்றேன்.

சரி, என்னை விடுங்கள். இவ்வளவு நேரம் என் தோளுக்கு மேலாக எட்டி இதை வாசித்துக்கொண்டு வந்தீர்களே, ஓர் இடத்தில்கூட உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா? நாலு முழ நாக்கு கொஞ்சம் அதிகம், இரண்டு முழம் போதும் என்று? டீச்சரை இன்னும் சற்று முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்று? தோன்றியதல்லவா? அப்படியானால் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த தடவை ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்று செருமுவதற்கு முன்னால், பைய ஒருதரம் குனிந்து, அவருடைய கால் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.