எங்கள் லயத்துக்குப் போகும் வீதியின் பெயர்

கருங்கல்மலைத் தோட்டம், மேற்பிரிவு.
(சரியான விலாசம் கடிதத்தின் உள்ளே வருகிறது.)

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய சுமன் மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் இளைய மகள் தனுஜா பணிவுடன் எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், எனக்கு வெட்கமான இடங்களையும் விட்டுவிட மாட்டேன். இங்கு அம்மா, அப்பா, லோஜினி அக்கா, நான், போன கிழமை கன்று போட்ட மாடு எல்லோரும் சுகம். கொழும்பில் உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.

நான் பிரதேச சபையில் சண்டை போட்டேன் என்றும், அக்கா அழுதாள் என்றும், எங்கள் இருவரையும் ஓர் அறையில் பூட்டி வைத்தார்கள் என்றும் த்ரீவீல் ஓட்டும் மதுரன் அண்ணன் உங்களிடம் சொன்னாராம். அதைக் கேட்டு நீங்கள் அம்மாவுக்குப் போன் எடுத்து, "அந்தப் புள்ளைய புத்தகத்த மூடி வைக்கச் சொல்லுக்கா, பெரிய எடத்துல போயி கேள்வி கேட்டா அத்தானுக்குத்தான் வேல போகும்" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மாமா, மதுரன் அண்ணன் சொன்னதில் அக்கா அழுதது உண்மை. அறையும் உண்மை. பூட்டியதும் சண்டையும் அவர் கொழும்புவரை பேசுவதற்காகச் சேர்த்துக்கொண்டவை.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விலாசம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். தபால் பை தோட்ட ஆபீசுக்கு வரும், காலையில் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா பெயர் சொல்லிக் கூப்பிடுவார், யார் முதலில் "இந்தா" என்கிறார்களோ அவர்கள் கையில் கடிதம் போகும். போன வருடம் கல்வியியற் கல்லூரியிலிருந்து லோஜினி அக்காவுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தபோது அக்காவுக்குக் காய்ச்சல், அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதால் எங்கள் வீட்டில் யாரும் பெரட்டில் இல்லை. மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் சின்னராசா மாமா "இந்தா" என்றார். அவர் மகளின் பெயரும் லோஜினி. அந்த லோஜினிக்கு வயது ஆறு. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அரசாங்க முத்திரை குத்திய கடிதம் பிள்ளையின் பெயருக்கே வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு, பிரிக்காமலே முருகன் படத்துக்குப் பின்னால் வைத்து, இருபத்திரண்டு நாள் கற்பூரம் காட்டியிருக்கிறார். கடிதம் எங்கள் கைக்கு வந்தபோது அதில் கற்பூர வாசம் இருந்தது, நேர்முகப் பரீட்சை முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அக்கா கொழுந்து பறிக்கப் போகிறாள். வயதெல்லைப்படி அவள் விண்ணப்பிக்க இந்த வருடம்தான் கடைசி. இந்த முறையும் கடிதம் வேறெந்தப் படத்துக்குப் பின்னாலாவது போய்விட்டால் அக்கா ஆசிரியையாக முடியாது. நான் சபைக்குப் போனதற்கு இது ஒன்றுதான் காரணம்.

குடியுரிமைக் கல்விப் புத்தகத்தில் தகவல் அறியும் உரிமை என்று ஒரு பாடம் இருக்கிறது. பொது அலுவலகம் ஒன்றில் இருக்கும் ஆவணத்தைக் குடிமகன் எவரும் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. இதை நான் நாலு தடவை வாசித்தேன். ஏன் என்று கேட்கக் கூடாது என்பது எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் நம்மிடம் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஏன் என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் லயத்துக்கு வரும் பாதை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா, இருந்தால் அதன் பெயர் என்ன, வீடுகளுக்கு இலக்கம் உண்டா என்று மூன்று கேள்விகளைச் சுத்தமான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

அப்பா அரைநாள் லீவு போட்டு என்னுடன் வந்தார். பஸ்ஸில் வட்டகொடை தாண்டும் வரைக்கும், "வணக்கம் சொல்லு, தாளக் குடு, ஒண்ணும் பேசாத, வந்துருவோம்" என்று நாலைந்து முறை சொன்னார். சபை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தார். கோயில் இல்லை அப்பா என்றேன். தரை பளபளவென்று இருக்கிறது, அழுக்காகிவிடும் என்றார். முதல் மேசையில் இருந்தவரிடம் அப்பா சிங்களத்தில் வணக்கம் சொல்லிவிட்டு அதோடு நின்றுவிட்டார். குப்பை வண்டி வராத முறைப்பாடு என்று நினைத்து அவர் இரண்டாம் மேசைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்கள் நாய்க்கு அனுமதிப்பத்திரம் என்று நினைத்தார்கள். மூன்றாம் மேசையில் தகவல் அலுவலர் நஸீரா மேடம் இருந்தார். அவர் தமிழில் "வாங்க, உக்காருங்க" என்றதும் அப்பா திரும்பிப் பார்த்தார், யாரைச் சொல்கிறார்கள் என்று.

இப்போது வெட்கமான இடம். மேடம் தந்த படிவத்தில் பெயருக்கு அடுத்தபடியாக விலாசம் என்று ஒரு கோடு இருந்தது. நான் வெகுநேரம் யோசித்தேன். உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று கீழே அச்சடித்திருந்தது. ஆகவே அந்தக் கோட்டில் "அதைத்தான் கேட்கிறேன்" என்று எழுதினேன். மேடம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். பிறகு முகத்தைக் கோப்புக்குப் பின்னால் கொண்டுபோனார், தோள் மட்டும் குலுங்கியது. அப்பா பயந்து எழுந்து, "அறியாத புள்ள மேடம், வேற தாள் குடுத்தா ஒழுங்கா எழுதும்" என்றார். மேடம், "இருக்கட்டுங்கய்யா. இந்த மேசையில இவ்வளவு சரியா யாரும் எழுதுனதில்ல" என்று சொல்லி, பதினாலு வேலை நாளில் பதில் கிடைக்கும் என்று இலக்கம் போட்டு ஒரு பற்றுச்சீட்டுத் தந்தார். பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நேரில் வருகிறேன் என்றேன். அதற்கு மட்டும் ஏன் என்று கேட்டார். சின்னராசா மாமாவின் முருகனைப் பற்றிச் சொன்னேன்.

பதினாலு வேலை நாளை நான் கலண்டரில் கோடு போட்டு எண்ணினேன். போயா பௌர்ணமி விடுமுறையையும் சனி ஞாயிறையும் கழித்தேன். கடைசி நாள் பாடசாலை விட்டதும் அக்காவுடன் போனேன். மேடம், பதிவேடு கைக்குக் கிடைக்கவில்லை, பழைய ஆவண அறையில் இருக்கும், ஆவணத்தை நேரில் பார்க்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது, வாங்க தேடுவோம் என்று சாவியை எடுத்தார். மதுரன் அண்ணன் சொன்ன அறை இதுதான்.

மாமா, அந்த அறையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. கூரைவரை தட்டுகள். தட்டு முழுக்கச் சிவப்பு நாடா கட்டிய கட்டுகள். எங்கள் பாடசாலை நூலகத்தைப் போல ஐந்து மடங்கு இருக்கும், ஆனால் அதில் ஒன்றுகூடக் கதைப் புத்தகம் இல்லை. கழிவுநீர்க் கான் வெட்டியது, பாலம் உடைந்தது, தண்ணீர்க் குழாய் கேட்டது, ஒரு தெருவிளக்குக்கு நாற்பது பேர் கையெழுத்து வைத்தது, கையெழுத்து வராத பதினேழு பேர் பெருவிரல் வைத்தது எல்லாம் அங்கே இருந்தன. அந்தப் பெருவிரல் அடையாளங்களில் கோடு கோடாகக் கொழுந்துக் கறைகூடத் தெரிவது போல எனக்கு இருந்தது. இத்தனை பேர் எனக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். நான்தான் முதல் ஆள் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்ததற்கு வெட்கப்பட்டேன். ஏணியில் நின்று தூசி தட்டிய ஊழியர் வீரய்யா அண்ணன், "என்ன பாப்பா, வாயத் தொறந்துக்கிட்டே நிக்கிற, பூச்சி பூந்துரும்" என்றார். மூடிக்கொண்டேன்.

மூன்றாவது தட்டில் வீதிப் பதிவேடு இருந்தது. அக்காதான் பக்கம் புரட்டினாள். கருங்கல்மலைத் தோட்டம், மேற்பிரிவு, கீழ் லயம். வீதியின் பெயர்: மூங்கில் ஓடை வீதி. வீடுகள் பதினான்கு. பதினோராம் இலக்கம்: சோலைமலை, மனைவி, மகள்கள் இருவர், அதில் ஒன்று கைக்குழந்தை.

அந்தக் கைக்குழந்தை நான், மாமா. எனக்கு நடக்கத் தெரியாத காலத்தில் யாரோ ஒருவர் மலையேறி வந்து, எங்களை எண்ணி, எங்களுக்கு ஓர் இலக்கம் கொடுத்து, எங்கள் பாதைக்கு இவ்வளவு அழகான பெயரும் வைத்துப் போயிருக்கிறார். பக்கத்தின் ஓரத்தில், பெயர்ப்பலகை நடுவதற்குத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் எதிர்பார்க்கப்படுகிறது என்று பென்சிலால் எழுதியிருந்தது. அதை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா அந்த வரியில் விரல் வைத்தபடியே நின்றாள். "அப்ப என்னோட கடுதாசி வந்து சேர ஒரு எடம் இருந்துருக்கு தனு. நமக்குத்தான் தெரியல" என்றாள். அப்போதுதான் அழுதாள். தண்ணீர் கொடுக்கக் காவலாளி ஓடி வந்தார். வீட்டு வரி கட்ட வந்த மதுரன் அண்ணன் யன்னல் வழியாகப் பார்த்தது இதைத்தான்.

மேடம் பிரதியில் முத்திரை வைத்துக் கொடுத்தார். நாங்கள் லயத்துக்குத் திரும்பியபோது பிரதி முன்னால் போனது, நாங்கள் பின்னால் போனோம் என்றுதான் சொல்ல வேண்டும், அத்தனை பேர் அதை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அப்பா கரித்துண்டால் கதவில் 11 என்று எழுதினார். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். சின்னராசா மாமா வந்து, மேல் லயத்துக்கு என்ன பெயர் என்று மெதுவாகக் கேட்டார். அது பதிவேட்டில் இல்லை. அவர் பெயரில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்கிறதா என்று பரீட்சித்துப் பார்க்க வேண்டும். ஆகவே நான் டவுனில் ஒரு கடிதம் போட்டேன். செல்வி சோ. லோஜினி, இல. 11, மூங்கில் ஓடை வீதி, கருங்கல்மலை. உள்ளே, "அன்புள்ள அக்கா, இது உன் கைக்கு வந்தால் இதுதான் உன் விலாசம்" என்று மட்டும் எழுதினேன். நாலாம் நாள் காலையில் பெரட்டுக்குப் பக்கத்தில் நிறுவைக் கொட்டகையோரம் பாடசாலை உடுப்போடு நின்றேன். கண்டாக்கையா பையில் கைவிட்டு அந்தக் கடிதத்தை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "மூங்கில் ஓட வீதி. இது எந்த ஊரு கடுதாசி, நம்ம பையில வந்து கெடக்கு?" என்றார்.

பெரட்டில் அப்பா இருபத்தாறு வருடமாக "வந்தேங்கய்யா" என்பதைத் தவிர வேறு பேசியதில்லை. அன்றைக்குப் பேசினார். "நம்ம ஊருதாங்கய்யா. நாங்க இருக்கிற வீதி."

உடனே பக்கத்தில் இருந்தவர் "நான் ஏழுங்கய்யா" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண் "நாங்க மூணு" என்றாள். பதினாலு வீட்டு இலக்கமும் ஒவ்வொன்றாக வந்தது. வேலைக்கு வராத வீட்டின் இலக்கத்தைக்கூட அடுத்த வீட்டார் சொன்னார்கள். கண்டாக்கையா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சரி சரி, பதினொன்னு யாரு, வந்து வாங்கிக்க" என்றார். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு நடந்து போய் வாங்கினாள். அன்று சாயங்காலமே அக்கா கல்லூரி விண்ணப்பத்தில் அந்த விலாசத்தை எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டாள்.

ஆகவே மாமா, இனி எங்களுக்குக் கடிதம் எழுதும்போது மூங்கில் ஓடை வீதி என்றே எழுதுங்கள். அப்பாவுக்கு வேலை போகவில்லை. முதுகுக்கு அம்மா தைலம் அனுப்புகிறாள், தடவிவிட்டுக் காற்றில் உட்கார வேண்டாமாம். உங்களையும் மாமியையும் தெய்வம் எந்தக் குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
சோ. தனுஜா, தரம் பத்து.

பின்குறிப்பு: இதைத் தபால் கந்தோர் மேசையில் நின்று எழுதுகிறேன், அக்காவும் பக்கத்தில் நிற்கிறாள். மேலே சொன்ன விலாசத்துக்குத் தயவுசெய்து எழுத வேண்டாம். கடிதத்தைப் பாரம் பார்க்கக் கொடுத்தபோது தபாலதிபர் அம்மா அனுப்புநர் விலாசத்தைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு வீதி தங்கள் பட்டியலில் இல்லை என்றார். சபையின் பதிவேடு வேறு, தபாலின் பட்டியல் வேறாம். அன்றைக்கு வந்த கடிதம் புதிதாக வந்த தபால்காரர் தெரியாமல் தோட்டப் பையில் போட்டதாம், இனிமேல் அப்படி வருவதைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டாராம். நான் முத்திரை வைத்த பிரதியை நீட்டினேன். அக்காதான் பேசினாள். "திருப்பி மட்டும் அனுப்பிராதீங்கம்மா. எனக்கு ஒரே ஒரு கடுதாசிதான் வரணும். வேல முடிஞ்சு தெனமும் நானே வந்து கேட்டுக்கிறேன்." தபாலதிபர் அம்மா பிரதியை முழுதாக வாசித்தார். கைக்குழந்தை என்ற இடத்தில் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கடிதம் பிரிக்கும் பெட்டித் தட்டில் வெறுமையாக இருந்த ஒரு சதுரத்தைத் துடைத்து, சின்னக் காகிதத்தில் மூங்கில் ஓடை வீதி என்று எழுதி, பசை தடவிக்கொண்டிருக்கிறார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுப் பதில் வரும்வரை எங்கள் வீதிக் கடிதங்களைத் திருப்பாமல் இதில் வைப்பாராம், தற்காலிகமாக. வெளியே மூட்டம் இறங்கிவிட்டது, உள்ளே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. காகிதத்தைத் தட்டில் வைத்துக் கட்டை விரலால் அழுத்துகிறார். ஒட்டிவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன், அதற்குள் நாலரை மணியாகி விளக்கை அணைத்துவிட்டார்கள்.